ஃபிளாப்பிக்குச் சந்தனம்

உடையப்பன் முதலில் மாவு மில்தான் வைத்திருந்தார். திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கம் இருபது வருஷம் மிளகாயும் மல்லியும் அரைத்து, தும்மித் தும்மி அலுத்துப்போனவர், இரண்டாயிரத்து ஒன்றில் மில்லை எடுத்துவிட்டு அதே கட்டிடத்தில் ஆறு கம்ப்யூட்டர்களை இறக்கினார். பலகையில் பெயர் மாறியது, 'உடையப்பன் பிரவுசிங் சென்டர்' என்று. சுவரில் ஊறிய மிளகாய் நெடி மட்டும் மாறவில்லை. வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வருகிற பட்டதாரிகள் முதல் ஐந்து நிமிஷம் தும்மிவிட்டுத்தான் தட்டச்சு செய்யத் தொடங்குவார்கள். உடையப்பனுக்கு அவர்கள் இன்னமும் 'அரைக்க வந்தவங்க'தான். கம்ப்யூட்டர்கள் மெஷின்கள். ஒன்றாம் மெஷின், இரண்டாம் மெஷின் என்று ஆறு வரைக்கும் பெயிண்டில் எண் போட்டு வைத்திருந்தார்.

கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் இளவேனில். வயது பதினெட்டு. தாடிக்கொம்பிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த இரண்டாம் மாதம், எழுந்து பாடத்தை வாசிக்கச் சொன்னார் டீச்சர். எழுந்தாள். மணி அடிக்கும்வரை எழுந்தபடியே நின்றாள். ஒரு சொல் வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை, பிறகு யாரும் கூப்பிடவுமில்லை. பேசாத பிள்ளை என்பதாலேயே உடையப்பன் அவளை வேலைக்கு எடுத்தார். மில்லில் இதற்கு முன்னால் இருந்தவள் பேசிப் பேசியே மல்லியைக் கருகவிட்டவளாம்.

வாய்தான் பேசாதே தவிர, இளவேனிலுக்கு உள்ளே அபிப்பிராயங்கள் குவிந்து கிடந்தன. அவற்றில் முக்கால்வாசி விளையாட்டுகளைப் பற்றியவை.

நாலாம் மெஷினை மதுரையில் பழைய சாமான் விலைக்கு வாங்கி வந்தபோது, அதன் சிடி டிரைவுக்குள் ஒரு சிடி கிடந்தது. மேலே மார்க்கர் பேனாவில் 'ஓல்டு கேம்' என்று எழுதியிருந்தது. அட்டையுமில்லை, புத்தகமுமில்லை. வந்த வாலிபப் பையன்கள் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்து, ஐந்து நிமிஷத்தில் தூக்கிப் போட்டார்கள். ஆட்கள் புளியங்கொட்டை அளவு இருந்தார்கள். சத்தம் என்றால் நடக்கும்போது ஒரு 'டொக் டொக்'. சுடுவதற்குத் துப்பாக்கி இல்லை. எல்லாம் பேச்சு. ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பேச வேண்டும். திரையில் மூன்று வாக்கியம் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கு அவர்கள் பதில் சொல்வார்கள்.

இளவேனில் அதை மத்தியானங்களில் ஆடினாள். இரண்டிலிருந்து மூன்றரை வரை சென்டரில் ஆள் இருக்காது. உடையப்பன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். 'வேலை நேரத்தில் கேம் ஆடினால் வேலை இல்லை' என்ற அறிவிப்பு சுவரில் ஒட்டியிருந்தது. உடையப்பன் சொல்ல, அதைத் தட்டச்சு செய்து ஒட்டியவளே இளவேனில்தான். அந்த அறிவிப்புக்கு நேர் கீழே உட்கார்ந்து, மடியில் பழைய டிக்ஷனரியை விரித்து வைத்துக்கொண்டு எட்டு மாசம் ஆடினாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சீனி இரவல் கேட்க வாய் வராதவள், ஏழு நாட்டுத் தலைவர்களோடு இங்கிலீஷில் பேசிச் சமாதானம் செய்து வைத்திருந்தாள். அவள் சொன்னதை யாராவது நின்று கேட்டது வாழ்க்கையில் அங்கே மட்டும்தான்.

அதற்காகக் கேமின் மேல் மரியாதை கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. குறைகள் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தன. முதல் குறை ராஜா. நாட்டைப் பேயரசன் பிடித்து ஆட்டுகிறான், போய்க் காப்பாற்று என்று ஆணையிடுவார். எங்கே நின்று? கஜானா வாசலில் நின்று. பின்னால் இருபது காவலாளிகள் வாளும் ஈட்டியுமாகச் சும்மா நிற்பார்கள். உலகத்தைக் காப்பாற்றப் போகிறவனுக்கு அவர் கொடுப்பது ஒரு கம்பும் ஐம்பது காசும். வேடசந்தூர் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தால்கூட ஏற்றிப் போக பஸ்ஸாவது அனுப்புகிறார்கள்.

இரண்டாவது குறை நாயகனே. அவன் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் எந்த வீட்டுக்குள்ளும் புகலாம். பானையைக் கவிழ்க்கலாம், பெட்டியை உடைக்கலாம், கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு போகலாம். வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்று, 'இன்றைக்கு நல்ல வெயில்' என்பாள். தாடிக்கொம்பில் ஒரு வீட்டில் இப்படிப் புகுந்து பார்க்கட்டும், கம்பு யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இளவேனிலும் எடுத்தாள். எடுக்காமல் ஆட முடியாது. ஆனால் யார் வீட்டில் எதை எடுத்தோம் என்று ஒரு கட்டம் போட்ட நோட்டில் வரைபடத்தோடு குறித்து வைத்தாள். கேம்காரன் அந்தப் பெண்களுக்குப் பேரே வைக்கவில்லை. அவளாக வைத்தாள். வடக்கூர் மூன்றாம் வீடு, அங்காளம்மாள், மருந்துக் குப்பி ஒன்று. ஆற்றங்கரைக் குடிசை, முத்துப்பேச்சி, இரும்புச் சட்டி.

இன்னொன்று, ஒவ்வொரு பெரிய காரியம் முடிந்ததும் திரை ஒரு நொடி கறுத்துப் போகும். பிறகு அடுத்த ஊரில் நிற்போம். நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் கறுப்புக்குள் என்ன நடந்திருக்கும் என்று இளவேனில் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசித்து நிரப்பிக்கொள்வாள்.

ஆல்வின் வேறு கட்சி. பாலிடெக்னிக்கில் படிக்கிறவன், தினமும் நாலு மணிக்கு வந்து நாலாம் மெஷினில் உட்கார்ந்து யுத்த கேம் ஆடுவான். அவனுக்கு அபிப்பிராயங்களை உள்ளே வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை.

"கிராபிக்ஸ்தான் உசிரு," என்பான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரத்தம் தெறிச்சா சுவத்துல ஒட்டணும். போன வருசத்துக் கேமே இப்ப கெழடு. அந்த ஓல்டு கேமெல்லாம் எடுத்து மாட்டு வண்டிச் சக்கரத்துல கட்டலாம். அதுக்கு முடிவே கெடையாதாம், தெரியுமா? எவனும் முடிச்சதில்ல."

அவன் கேமிலும் விவசாயிகள் இருந்தார்கள். ஆல்வின் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் வயலில் போய்க் குனிவார்கள். மழை வேண்டாம், கிணறு வேண்டாம், உரம் வேண்டாம், அறுத்ததும் நெல் நேராக ராஜாவின் பெயரில் ஏறிவிடும். இளவேனிலின் அப்பா முத்துச்சாமி சம்பங்கி போட்டிருந்தார். கிணற்றில் எண்பது அடிக்குக் கீழே காற்றுதான் வந்தது. எதிரிப்படை வந்தால் ஆல்வினின் விவசாயிகள் கோட்டைக்குள் ஓடி ஒளிவார்கள். மணி அடித்தால் வந்து, விட்ட இடத்திலேயே குனிவார்கள். ஒருவன்கூட நிமிர்ந்து, 'ஏலே, யாருக்குடா இந்தச் சண்டை?' என்று கேட்கமாட்டான். பழைய கேமில் அதையாவது கேட்கலாம். மூன்றில் ஒரு வாக்கியமாக வரும்.

இதையெல்லாம் ஆல்வினிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நாக்கு துறுதுறுக்கும். நாக்கோடு சரி.

ஐப்பசி பிறக்கப் போகிற சமயம். கேமில் இளவேனில் பேயரசனின் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டாள். கதவைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் உடையப்பன் வந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்.

"ஏத்தா இளவேனிலு, பூசைக்கு முந்தி மில்லுல என்ன செய்வோம்? கல்லக் கழட்டி, இண்டு இடுக்குல இருக்க பழைய மாவ பூராம் தட்டி எடுத்துட்டுத்தான பொட்டு வைப்போம்? பழைய மாவு நின்னா புது மாவு கசந்துரும். இந்த மெஷினுகளுக்குள்ள என்னென்ன கெடக்கோ! பாய வரச் சொல்லிருக்கேன். ஆறையும் வழிச்சு எறிஞ்சிட்டுப் புதுசாக்கிருவாரு."

பாய் என்றால் கிதர் முகம்மது, கம்ப்யூட்டர் மெக்கானிக். நல்ல மனுஷன். ஆனால் அவரிடம் மருந்து ஒன்றுதான். மவுஸ் நகரவில்லை என்றால் ஃபார்மட். ஃபேன் சத்தம் போட்டால் ஃபார்மட். கரண்ட் பில் கூடுதலாக வந்தபோதும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடவை ஃபார்மட் செய்தார். ஃபார்மட் என்றால் மெஷினுக்குள் இருக்கிறதெல்லாம் ஒன்றில்லாமல் அழிந்துபோகும். எட்டு மாசம், ஏழு நாடு, கோட்டை வாசல் எல்லாம்.

இளவேனிலின் தலைக்குள் மூன்று வாக்கியங்கள் வந்து நின்றன. ஒன்று: 'முதலாளி, நாலாம் மெஷினை மட்டும் விட்ருங்க, அதுல என் கேம் இருக்கு.' இரண்டு: 'முதலாளி, நாலாம் மெஷின் நல்லாத்தான் ஓடுது.' மூன்று: எதுவும் பேசாமல் விளக்குமாற்றை எடு. கேமில் அவள் ஒருநாளும் மூன்றைத் தேர்ந்தெடுத்ததில்லை. விளக்குமாற்றை எடுத்தாள்.

பாய் பதினோரு மணிக்கு ஒன்றாம் மெஷினில் தொடங்கினார். ஒன்றுக்கு ஒரு மணி நேரம். ஆகவே நாலாவதுக்கு அவர் வருவதற்குள், கேமில் எதுவரை வந்தாள் என்ற நினைவை மட்டும் ஒரு ஃபிளாப்பியில் நகலெடுத்துவிடலாம். இமெயிலில் அனுப்பி வைக்கலாம் என்றால், ஊருக்கெல்லாம் இமெயில் ஐடி தொடங்கிக் கொடுத்தவளுக்குச் சொந்தமாக ஒன்று கிடையாது. கையிலிருந்து காசு போட்டுப் புது ஃபிளாப்பி ஒன்று எடுத்தாள். திரும்பிப் பார்த்தால் நாலாம் மெஷினில் ஆல்வின். காலேஜ் லீவாம்.

போய்ப் பின்னால் நின்றாள். செத்த நேரம் எழுந்திரிங்க என்று சொன்னால் போதும். நின்றாள். அவன் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டான்.

"பாத்தியா? இப்ப யானைப் படைய விடப்போறேன். பாரு, பாரு, தூசி பறக்குது பாரு! இதுதான் கேமு. நல்லா நின்னு பாரு, பரவால்ல."

நல்லா நின்று பார்த்தாள். முக்கால் மணி நேரம் பார்த்தாள். பாய் மூன்றாம் மெஷினை முடித்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார். அப்போதுதான் இளவேனில், பேசத் தேவையில்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். பெருக்கிக்கொண்டே மேஜைக்குக் கீழே போய், நாலாம் மெஷினின் சுவிட்சை விளக்குமாற்றுக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஐயோ, என் யானை!" என்று அலறினான் ஆல்வின். "என்ன சென்டர் இது? மாவு மில்லே தேவல!" செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுபடி ஆன் செய்து நகலெடுத்து, ஃபிளாப்பியைக் கவுண்டர் டிராயருக்குள் வைத்துவிட்டு மூச்சு விட்டாள். பாய் டீ குடித்துவிட்டு வந்து நாலாம் மெஷினைத் துடைத்து எறிந்தார்.

மறுநாள் பூஜை. விடியுமுன்னே உடையப்பன் தனியாக வந்து எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டார். இளவேனில் வந்தபோது தலைவாழை இலை விரித்து, பொரி கடலை, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் இருந்தன. ஆறு மெஷினுக்கும் சந்தனப் பட்டை, குங்குமம். மவுஸ்களுக்குத் தனித்தனிப் பொட்டு. கீபோர்டில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தீற்று. பிரிண்டருக்குச் சம்பங்கி மாலை. இலையின் தலைமாட்டில் ஸ்க்ரூ டிரைவர், ஸ்டேப்ளர், சிடிகள், அவற்றின் மேல் டிராயரிலிருந்த ஃபிளாப்பி.

அதன் முகத்திலும் பொட்டு இருந்தது. அட்டைக்கு வைத்த பொட்டுத்தானே, துடைத்தால் போகும் என்று இளவேனில் மனசைத் தேற்றினாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் சூடம் காட்டி, திருஷ்டிப் பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்துவிட்டு வந்து உடையப்பன் மெஷின்களை ஓடவிட்டார். பாய் வேலை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். ஆல்வினும் ஆஜர். இளவேனில் சிடியைத் துடைத்து நாலாம் மெஷினில் கேமை ஏற்றி, யாரும் பார்க்காத நேரம் ஃபிளாப்பியை உள்ளே தள்ளினாள். மெஷின் காய்ந்த மிளகாயை அரைப்பதுபோல 'கரகர கரகர' என்றது. எல்லோரும் திரும்பினார்கள்.

பாய் ஓடி வந்து ஃபிளாப்பியை வெளியே எடுத்தார். அதன் தகரக் கதவைச் சுண்டி நகர்த்தினார். உள்ளே இருந்த கறுப்புத் தகட்டில், அழகாக, வட்டமாக, சந்தனம். நடுவில் குங்குமம்.

"யா அல்லா," என்றார் பாய். "முதலாளி, இதுக்குள்ள யாரு பூசுனது?"

"நாந்தான். ஏன்?" என்றார் உடையப்பன். "மில்லுல தகரக் கூட்டுக்கா பொட்டு வைப்போம்? உள்ள அரைக்கிற கல்லுக்கில்ல வைக்கணும். தேடிப் பாத்தேன், கதவு இருந்துச்சு, நகண்டுச்சு. வெச்சேன்."

"பதினஞ்சு வருசமா சர்வீஸ் பாக்குறேன். தூசி பாத்திருக்கேன், பல்லி முட்டை பாத்திருக்கேன், ஒரு தடவ பல்லியே பாத்திருக்கேன். சந்தனம் இதான் மொதத் தடவ." பாய் ஃபிளாப்பியைக் குப்பைக் கூடைக்கு மேல் நீட்டினார். "தங்கச்சி, போட்ரவா?"

"போடாதீங்க!"

குரல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க உடையப்பன் வாசலைப் பார்த்தார். ஆல்வின் பின்னால் பார்த்தான். பிறகுதான் இருவரும் இளவேனிலைப் பார்த்தார்கள்.

"அதுல என்னத்தா இருக்கு?" என்றார் உடையப்பன்.

"கேமு. என் கேமு. எட்டு மாசமா ஆடுறேன். மத்தியானம், ஆள் இல்லாதப்ப. நீங்க தூங்கப் போனதும்." அறிவிப்பு தலைக்கு மேலேயே இருந்தது. இத்தனை தூரம் வந்த பிறகு நிறுத்தி என்ன ஆகப்போகிறது? "ஏழு நாட்ட ஒண்ணு சேத்திருக்கேன். சண்டையே போடாம, பேசியே. அந்த ராஜா அம்பது காசு குடுத்து அனுப்புனான், முதலாளி, அம்பது காசு! அத வெச்சுக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்துட்டேன். கோட்டை வாசல்ல நிக்கேன். கதவத் தட்டணும். அம்புட்டுத்தான் பாக்கி." ஆல்வின் பக்கம் திரும்பினாள். "யானை விட்டா கேம் ஆயிருமா? ஒங்க விவசாயி ஒருத்தனாவது வாயத் தொறந்து ஏன்னு கேட்டிருக்கானா? குனியச் சொன்னாக் குனியுறான். தூசி பறக்குதாம் தூசி. எங்க தோட்டத்துலயுந்தான் பறக்குது, வந்து பாருங்க. அன்னைக்கு கரண்டு ஒண்ணும் போகல. நாந்தான் சுவிட்ச அமத்துனேன்."

ஆறாம் மெஷினில் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தவர் ஒருமுறை தும்மினார்.

உடையப்பன் நெற்றியைத் தேய்த்தார். வேலை நேரத்தில் ஆடியது குற்றம், அது சுவரிலேயே இருக்கிறது. ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறொன்று. "சாமிக்கு வெச்ச பொட்டுல ஒரு பிள்ள பொழப்பு கெட்டுப்போச்சுன்னா அது எங்குத்தம்லா," என்றார் மெதுவாக. "பாய், எப்பிடியாச்சும் எடு. ஃபார்மட்டு கிர்மட்டுன்னு வாயத் தொறந்த, அம்புட்டுத்தான்."

அந்த ஒரு மருந்தைப் பிடுங்கிய பிறகுதான் பாய் உண்மையிலேயே மெக்கானிக் ஆனார். பிளேடால் அட்டையைப் பிளந்தார். உள்ளிருந்த தகடு கறுப்பு அப்பளம் போல இருந்தது. குடத்துத் தண்ணீரில் அதை அலசி, வேட்டி முனையில் ஒற்றி, ஃபேனுக்குக் கீழே காயவைத்தார். இன்னொரு ஃபிளாப்பியின் கூட்டுக்குள் அதைச் செருகி, மெஷினில் தள்ளினார். கரகர. கரகர. பிறகு சத்தம் அடங்கியது. திரையில் புளியங்கொட்டை அளவு ஒருவன் பெரிய கதவுக்கு முன்னால் கம்போடு நின்றான்.

"இவனா?" என்றார் உடையப்பன், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "சோறு தண்ணி இல்லாதவனாட்டம் இருக்கானே. சரி, தட்டு."

தட்டினாள். ஆறாம் மெஷின்காரரும் எழுந்து வந்துவிட்டார். கோட்டைக்குள் நீளமாக நடந்து, சிம்மாசனத்தில் இருந்த பேயரசனுக்கு முன்னால் போய் நிற்க, மூன்று வாக்கியங்கள் வந்தன. ஆல்வின் முதலாவதைச் செய்யச் சொன்னான், அது 'செத்தொழி' என்பது. பாய் மூன்றாவதைச் சொன்னார், அது திரும்பிப் போவது. இளவேனில் இரண்டாவதைத் தொட்டாள். 'உனக்கு என்ன வேண்டும்?' பேயரசன் வெகுநேரம் பதில் சொன்னான். டிக்ஷனரியைப் புரட்டாமலே அவளுக்குப் புரிந்தது. மறுபடி மூன்று, மறுபடி பதில், இப்படியே கால் மணி நேரம். கடைசியில் அவன் கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். திரை கறுத்தது.

கறுத்தது கறுத்தபடி ஒரு நொடி இருந்தது. பிறகு கேமின் முதல் பக்கம் வந்தது. 'புதிய ஆட்டம் தொடங்கவா?'

"ஹா!" என்றான் ஆல்வின். "நான் சொன்னேன்ல? நடுவுல வர்ற படம் பூராத்தையும் வெட்டிட்டு ஒரே சிடிக்குள்ள அமுக்கிருக்கான். திருட்டு சிடிக்கு ஏது முடிவு?"

உடையப்பன் திரையைத் தட்டிப் பார்த்தார். "என்னத்தா இது, அரைச்சோம், மாவக் காணோம்? அப்பறம் என்ன ஆச்சு? ராஜா என்ன சொன்னான்?"

நாலு பேர் அவள் வாயைப் பார்த்தார்கள். அன்று வகுப்பில் நாற்பது பேர் பார்த்தார்கள். அன்றைக்குப் புத்தகத்தில் எல்லாம் அச்சாகி இருந்தது, வாசித்தால் போதும், முடியவில்லை. இன்றைக்குக் கையில் ஒன்றுமில்லை.

"ராஜா கோட்டை வாசல்ல நின்னாரு," என்றாள் இளவேனில். "கஜானாவ விட்டு மொத தடவையா எறங்கி வந்திருந்தாரு. மாலை போட வந்தாரு. இவன் கழுத்த நீட்டல. 'நீங்க குடுத்த அம்பது காசுல எனக்கு இத்தன வழி நடக்க ஏலல, ராசா. ஊரு ஊரா வீடு புகுந்து எடுத்தேன். அதத் திருப்பிக் குடுக்காம மாலை வாங்க மாட்டேன்'னான். அந்தக் காவலாளிக இருவது பேரு சும்மாத்தான நின்னாங்க? அவுங்க தலையில மூட்டையத் தூக்கி வெச்சான். மொதல்ல வடக்கூரு. மூணாவது வீட்டு அங்காளம்மாளுக்கு ஒரு மருந்துக் குப்பி."

"அந்தம்மா என்ன சொன்னுச்சு?" என்றார் பாய்.

"இன்னைக்கு நல்ல வெயிலுன்னுச்சு."

உடையப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இளவேனில் நோட்டைப் பார்க்காமலே வீடு வீடாகப் போனாள். முத்துப்பேச்சி இரும்புச் சட்டியை வாங்கித் தட்டிப் பார்த்து, ஓட்டை விழுந்திருக்கிறது என்று சண்டைக்கு வந்தாள். இன்னொருத்தி, தான் வைத்திருந்தது இரண்டு என்று சாதித்தாள். வயலில் குனிந்திருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்து, 'ஏலே, சண்டை முடிஞ்சிருச்சா? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்ல?' என்று கேட்டான். ஆறாம் மெஷின்காரரின் விண்ணப்பம் பாதியில் நின்றது. அவர் கவனிக்கவில்லை.

முடித்தபோது உடையப்பன் எழுந்து வேட்டியை உதறினார். "அதான பாத்தேன். எடுத்தத வெக்கணும்ல," என்றார் நிறைவாக. சுவரில் இருந்த அறிவிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதைக் கிழிக்காமல், அது மறையும்படி பக்கத்துக் காலண்டரை நகர்த்தி மாட்டினார்.

ஆல்வின் மட்டும் போகவில்லை. நாலாம் மெஷினுக்கு முன்னால் நின்று நகத்தைக் கடித்தான்.

"இந்தா, நெசமாவே இதெல்லாம் அந்தக் கேமுல வருதா?"

இளவேனில் ஓல்டு கேம் சிடியை வெளியே எடுத்தாள். ஓரத்தில் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. தாவணித் தலைப்பால் துடைத்து அவனிடம் நீட்டினாள்.

"எட்டு மாசம் ஆடிப் பாருங்க," என்றாள்.